எறும்பு தின்ற பால்

கரடியனாற்றில் பிரஷாந்தியின் தாய்ப்பாலைத் தின்ற எறும்புகள் செத்துப்போயின. பீய்ச்சிய பாலை எறும்பு தின்றால் தாய்க்குப் பால் வற்றிவிடும் என்று அவ்வூரில் நம்புவார்கள். தேங்காய்ச் சிரட்டையில் பிடித்துத் தண்ணீரில் கரைத்துவிடுவது வழக்கம். ஒருநாள் அவள் மறந்து வாசலில் வைத்த சிரட்டையைச் சுற்றி எறும்புகள் வரிசை குலையாமல் மல்லாந்து கிடந்தன. அடுத்த கிழமை அவள் வீட்டு வளவில் கடிக்க ஒரு நுளம்பும் இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் நுளம்புச்சுருள் வாங்குவதை விட்டுவிட்டு, பொழுதுபட்டதும் அங்கே வந்து குந்தினார்கள். பட்டணத்திலிருந்து ஒரு குழு வந்து, வயலுக்கு அடிக்கும் நஞ்சு பாலில் இருப்பதாகச் சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனது. குழந்தையோ கொழுகொழுவென்று வளர்ந்தது. "பால நிப்பாட்டிராத புள்ள, அதுக்கு மிஞ்சின சாப்பாடு இல்ல," என்றார் மருத்துவிச்சி எமிலி.

ஊர் வயல்வெளியான வட்டையின் வரம்புக்கும் வாய்க்காலுக்கும் பொறுப்பான வட்டைவிதானை வினாயகமூர்த்தி கூட்டம் கூட்டினார். மாலை விழாமல் அவருக்குக் குரல் எழும்பாது; ஆகவே முதலில் மாலை போட்டார்கள். ஊர் மானத்தைக் காக்கப் பிரஷாந்தி தாய்ப்பாலை நிறுத்திக் கடையில் விற்கும் பேணிப்பாலுக்கு மாறவேண்டும் என்று அறிவித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதற்குமுன் அறக்கொட்டிப் பூச்சி விழுந்த தன் வயலை அவள் ஒருதரம் சுற்றி நடந்தால் நல்லது என்றார்.

"உங்கட வயல்ல இருந்து எனக்குள்ள வந்த சாமான்தானே, விதானையார்," என்றாள் பிரஷாந்தி. "முதல்ல நீங்க அடிக்கிறத நிப்பாட்டுங்க. மறுகா என்ட புள்ளைட வாயில இருந்து பறிக்கிறதப் பத்திக் கதைப்பம்."

"வரம்பில நிண்டு மறிக்கப் போறியோ?"

"நிக்கமாட்டன். குந்துவன்."

காலையில் பாய் விரித்து வரம்பில் குந்தி, பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். விதானையின் ஆள் மருந்துத் தாங்கியை முதுகில் ஏற்றி விசையை அமுக்கினான். பால் வந்தது, இளஞ்சூட்டுடன், பிள்ளை வாய் மணக்கும் பால். போத்தலை மாற்றினார்கள், பால். ஏறாவூரில் புதுத் தாங்கி வாங்கி வந்தார்கள், அதிலும் பால். கிழமை முடியுமுன் வட்டை முழுவதும் எந்தத் தாங்கியும் பாலைத் தவிர எதையும் விசிறவில்லை. தவளையும் சிலந்தியும் திரும்பி வந்து அறக்கொட்டியைப் பார்த்துக்கொண்டன. விளைச்சல் குறையாததைக் கண்ட விதானை, அது தாம் கண்டுபிடித்த நவீன முறை என்று பேசி இன்னொரு மாலை வாங்கினார்.

பிரஷாந்தி மறுக்கவில்லை, வரம்பைவிட்டு எழும்பவுமில்லை. அடுத்த போகத்தில், அவள் பக்கத்தில் வைத்திருந்த சிரட்டையில் எறும்புகள் ஏறின.

"தட்டிவிடுகா, பால் வத்திரும்!" என்று பெண்கள் கத்தினார்கள்.

"தின்னட்டும்," என்றாள்.

எறும்புகள் வயிறார உண்டு, வந்த வழியே நடந்து போயின. பால் வற்றவில்லை. அன்று மாலை அவள் வளவில் நுளம்பு இரைந்தது; பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே நுளம்புச்சுருள் வாங்கக் கடைக்குப் போனார்கள்.