கழுவிக் காயவைத்த குப்பை

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. தி.நகரில் என் மச்சானின் பாத்திரக் கடையில் ஓசியில் கிடைத்தது. பொங்கல் தள்ளுபடிக் கூட்டத்தில், பள்ளிச் சீருடையில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் வந்து டீ வடிகட்டி ஒன்று வாங்கினார்கள். விலையைப் பேசவே இல்லை. கவருக்குத்தான் பேரம்.

"அண்ணே, ஒரு கவர் பத்தாது. ஒண்ணுக்குள்ள ஒண்ணா நாலு போடுங்க."

"வடிகட்டிக்கு நாலு கவரா? உள்ள இன்னா தங்கமா கீது, நைனா?"

பேரத்தின் நடுவே வளர்ந்தவன் நான். குப்பைக்குப் பேரம் பேசி அன்றுதான் பார்த்தேன். விசாரித்தேன். ஒன்பதாம் வகுப்பு, மயிலாப்பூரில் ஒரு பள்ளி, சுற்றுச்சூழல் வாரம். அதிக எடைக்கு பிளாஸ்டிக் சேகரிக்கும் வகுப்புக்கு வேடந்தாங்கல் டூர். வீட்டில் கிடந்த பிளாஸ்டிக் முதல் நாளே தீர்ந்துவிட்டது. பிறகு? துணிப்பையோடு கடைக்குப் போகும் அபிராமபுரத்து அம்மாக்கள்கூட கொத்தமல்லிக்கு ஒன்று, கறிவேப்பிலைக்கு ஒன்று என்று கவர் கேட்டு வாங்குகிறார்களாம்.*

* அந்த மெல்லிய கவருக்குத் தடை இருக்கிறது. கேட்கத் தெரிந்தவர்களுக்கு அதுவும் கிடைக்கிறது.

2

முதல் தொடக்கம்: "பூமித்தாய் அழுதுகொண்டிருந்தாள். அவள் கண்ணீரைத் துடைக்க ஒரு பிஞ்சுக் கை"

(வேண்டாம். இதற்குப் பேச்சுப் போட்டியில் ஆறுதல் பரிசுதான் கிடைக்கும்.)

இரண்டாம் தொடக்கம்: "இன்றைய மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் என்பது வெறும் மதிப்பெண்"

(பொய். ஓசோனில் தொடங்கி நுண்நெகிழி வரை அந்தப் பெண் என்னிடம் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். புரிந்துகொண்டும் இருந்தாள். எல்லாம் தெரிந்த பிள்ளையிடம் ஒரு தராசைக் காட்டியது யார்? இது கட்டுரையாகிறது. நிறுத்துகிறேன்.)

3

பெண்ணின் பெயர் ஜுவேரியா. சுற்றுச்சூழல் மன்றச் செயலாளர். பையன் சஃப்வான். கடையை விட்டு இறங்கிய பிறகு அவர்களுக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

ஜுவேரியாவுக்கு ஒரு தோழி வேண்டும். டயானா. பட்டினப்பாக்கம், அம்மா தேசம்மா மீன் விற்பவர். அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் ஒதுங்கிய கவர்களை விடிகாலையில் பொறுக்கி, ஒரு மூட்டை கட்டிப் பள்ளிக்குத் தூக்கி வருகிறாள். அறிவியல் ஆசிரியர் வெங்கடேஷ் மூக்கைப் பொத்துகிறார்.

"ஒரே மண்ணு, மீன் கவிச்சி. ரூல் என்னம்மா? கழுவிக் காயவெச்சது மட்டும்தான். எடுத்துட்டுப் போ."

ஆக, குப்பையிலிருந்து வந்த குப்பை செல்லாது. கடையிலிருந்து நேராக வந்தது செல்லும். மூட்டை போனதும் வகுப்பு எடையில் பின்தங்கியது. அதனால்தான் அந்த நாலு கவர்.

4

டயானாவை எனக்கே நம்ப முடியவில்லை. ஏழை, கடலோரம், விடிகாலை, மூட்டை: உங்களை அழவைக்க நான் கட்டிய பொட்டலம். அவளைக் கொஞ்சம் கெடுத்துப் பார்க்கிறேன். எடை போடும் நாள், வரிசையில்:

"டயானா, நான் சார் கிட்ட சொல்லிடப் போறேன். நம்மளுதுல முக்காவாசி புதுக் கவரு."

"இன்னாடி திடீர்னு? வாங்கசொல்ல சஃப்வான் கூட நீயும்தான சுத்திக்கினு இருந்த?"

"இருந்தேன். அதான் சொல்றேன்."

"சொன்னா இன்னா ஆவும்? டூர் பூடும். வருசா வருசம் துட்டு கட்டி இவங்கல்லாம் டூர் போய்ட்டு வந்து கத வுடுவாங்க, நான் வாயப் பாத்துக்கினு குந்தியிருப்பேன். இந்த வாட்டி நானும் போறேன்னு எங்கம்மா கைல சொல்லிட்டேன்."

"உன் மூட்டையதான வேணாம்னாங்க? உனக்குக் கோவமே வரலியா?"

"வந்துச்சு. அதுக்குன்னு டூரையும் வுட்டுடணுமா? நீ மட்டும் வாயத் தொற, அப்பறம் எங்கூட பேசாத. சொல்ட்டேன்."

இப்போது நம்புகிறேன்.

5

முடிவு ஒன்று: ஜுவேரியா சொல்லவில்லை. பேருந்தில் டயானாவுக்கு ஜன்னலோர இருக்கை. ஏரியில் நாரைகள். குற்ற உணர்ச்சியில் ஜுவேரியா ஒரு பறவையையும் நிமிர்ந்து

(பார்ப்பாள். அந்த வயதில் யார் பார்க்காமல் இருப்பார்கள்?)

முடிவு இரண்டு: சொல்லிவிடுகிறாள். டூர் பக்கத்து வகுப்புக்குப் போகிறது. அவர்களுடைய கவர்களும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரிக்கப்படாமல் இருக்கின்றன. அங்கே கேட்க ஆளில்லை.

"ரெண்டுக்கும் நடுவில் ஒன்று போட்டுக் கொடுங்களேன்" என்பீர்கள். சார் மனம் மாறி, டயானாவின் மூட்டையைத் தானே தூக்கி வந்து, எல்லோரும் கைதட்டி... கட்டுப்படியாகாது.

6

தராசு முள் ஆடி நின்றுவிட்டது. முதலிடம்தான். வகுப்பு கத்தத் தயாராக இருக்கிறது. வெங்கடேஷ் சார் சம்பிரதாயத்துக்குக் கேட்கிறார்:

"எல்லாம் யூஸ் பண்ணதுதானே, ஜுவேரியா?"

டயானா தராசைப் பார்க்கவில்லை. இவளைத்தான் பார்க்கிறாள்.

"சார்,

(மீதியை நீங்கள் எழுதுங்கள். ஒன்று மட்டும்: என்ன எழுதினாலும், மணி அடித்ததும் டயானா பக்கத்தில் அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டியவள் அவள். நீங்களும் இல்லை, நானும் இல்லை.)