மச்சினன் கழுத்தில் ஆறு ஸ்க்ரூ

என் மனைவியின் தம்பி எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் 'காயில்' கட்டுகிறவன். இருபத்தெட்டு வருடம் குனிந்தே வேலை பார்த்ததில், பட்டறைக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம் எழும்பியதே அவனுக்குத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். நான் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வண்டி நிறையப் பேரைச் சிரிக்க வைத்தவனுக்கு, கடைசியில் மிஞ்சியது இவன் ஒருத்தன்தான். மதியமானால் அவன் பட்டறை ஸ்டூலில் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஒரு நாள் செம்புக் கம்பி அவன் விரலிலிருந்து நழுவியது. மறுநாளும் நழுவியது. சட்டைப் பொத்தானைப் போட அவன் மனைவி வரவேண்டியதாயிற்று.

"கழுத்து எலும்பு நகர்ந்து தண்டுவடத்தை நசுக்குது. தகடு வச்சு, ஸ்க்ரூ போட்டு எலும்பைச் சேர்த்துடலாம்" என்றார் டாக்டர். "ஆனா ஆபரேஷன் இருக்கிற பலத்தைத்தான் காப்பாத்தும். போனது திரும்பும்னு சொல்ல முடியாது. தள்ளிப்போடாதீங்க."

"பண்ணிக்கலாமா மாமா?" என்று என்னைக் கேட்டான்.

பண்ணிக்கோ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"மாப்ளே, எங்க டிப்போல ஒரு செக்கர். கழுத்துல ஆறு ஸ்க்ரூ. மழை பெஞ்சா துருப்பிடிச்சு கீச்சு கீச்சுங்கும். பிரேக்தான் போச்சுன்னு டிரைவர் வண்டிய ஓரங்கட்டிருவான்!"

"அண்ணே, அவருகிட்ட போய் இதெல்லாம்..." என்றாள் அவன் மனைவி.

"சும்மா இரு தங்கச்சி, சிரிக்கட்டும்."

சிரிக்கத்தான் செய்தான். மறுநாள், "அந்த செக்கர் அப்புறம் என்ன ஆனாரு மாமா?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். நான் பார்த்தது என் கதைக்கு வந்த கிராக்கியை.

"ஒரே தும்மல். ஸ்க்ரூ தெறிச்சு ஜன்னல் கண்ணாடி காலி!"

ஆபரேஷன் தேதியை மூன்று முறை தள்ளினான். ஏழு மாதம் ஓடியது. நடை தடுமாறிப் படியில் விழுந்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆபரேஷன் ஜோராக நடந்தது. கழுத்து விளக்குக் கம்பம் மாதிரி நின்றது, யானை முட்டினாலும் அசையாது. மூன்று மாதம் கழித்துப் பட்டறைக்கு வந்தவன், கம்பியை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான். பத்துச் சுற்று தாண்டவில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்தன.

"ஏழு மாசம் முன்னாடியே வந்திருந்தா விரல் மிஞ்சியிருக்கும்னாரு டாக்டர்" என்றான்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "மாப்ளே, அந்த செக்கர் கழுத்துல ஒண்ணுமே கிடையாதுடா. நானா விட்டது."

"ஒரு ஸ்க்ரூ கூடவா?"

"ஒண்ணு கூட இல்ல."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நான் நம்பினேன் மாமா" என்றான்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தான். கழுத்து இடம் கொடுக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மெல்ல மெல்ல நகர்த்தி, முழு உடம்பையும் சுவர்ப் பக்கம் திருப்பினான். அவன் திரும்பி முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.