வாடகைப் பெட்டி

காகிதம் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. சின்னவள் ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து, மறுபடியும் காகிதத்தை ஓரத்தில் வைத்து, இடுப்பால் இடித்துச் சாத்தி இழுத்தாள். இப்போதும் வந்தது.

"இதுவும் வேணாம்."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ஏம்மா, வாடகை வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?"

"ரப்பர் பிடிக்கலை. குளிர் வெளிய போயிடும்."

அப்பா சொல்லி அனுப்பிய சோதனை அது. மாடிக்குக் குடிவருகிறவர்களிடம் பெட்டி வைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்த பிறகுதான் அவர் படுக்கையில் விழுந்தார். அவர் வாயில் ஃப்ரிட்ஜ் எப்போதும் பெட்டிதான்; வீட்டில் எல்லோருக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. இன்று காலையிலும் மூச்சு வாங்க வாங்க அதே பேச்சு.

"ஒத்தக் கதவு போதும். காயிதத்தை வச்சு சாத்தி இழுத்துப் பாரு. வந்துச்சுன்னா எடுக்காத." பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "இவ ஏமாந்துட்டுதான் வருவா, பாரு" என்று சிரிக்கப் போனார். சிரிப்பு பாதியில் நின்றது. அடுத்த மூச்சு வரவில்லை. வெகுநேரம் கழித்து, எங்கோ ஆழத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தாள்.

இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கடைக்குள் சுவரோரமாக மின்சாரம் கொடுக்காத பெட்டிகள். திறந்தால் புது பிளாஸ்டிக் வாசனையும் கொஞ்சம் இருட்டும். சற்றுமுன் ஒன்றில் காகிதம் அசையவே இல்லை. அதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்திருந்தாள். எடுத்துவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டும். போனால் அந்த அறைக்குள் நுழைய வேண்டும். தான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு திரும்பாமல் போய்விட்டால்? இங்கே கதவுகளைச் சாத்திக்கொண்டிருக்கும்போது போய்விட்டால்? இரண்டில் எது பெரிய பயம் என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளங்கை வியர்வையில் காகிதம் நமுத்துப்போயிருந்தது.

"உங்க பைக்குள்ள ரொம்ப நேரமா போன் அதிருதும்மா," என்றார் கடைக்காரர்.

தெரியும். துண்டுக்கு அடியில் அவள்தான் அதைப் புதைத்து வைத்திருந்தாள். இப்போது எடுக்க வேண்டியதாயிற்று.

"பாப்பா," என்றான் அண்ணன். "எத்தனை தடவ கூப்பிடறது? பெட்டி வந்துருச்சு. நீ கிளம்பி வா."

சுர்ரென்று கோபம் வந்தது. பயத்தைவிட அது சுலபமாக இருந்தது. "எந்தப் பெட்டி? நான் இன்னும் எடுக்கவே இல்ல! அப்பா என்கிட்டதான சொன்னாரு? நீ யாரைக் கேட்டுண்ணா வாங்குன?"

"வாங்கலம்மா. வாடகைக்கு."

"நானும் வாடகை வீட்டுக்குத்தான பார்த்துட்டிருக்கேன்! ரப்பரை இழுத்துப் பார்த்தியா? ஒத்தக் கதவுதான?"

மறுமுனையில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா?"

"அப்பாவுக்கு, பாப்பா."

காகிதம் அசையாத அந்தப் பெட்டியைக் கை காட்டிவிட்டு அவள் வெளியே வந்தாள். கடைக்காரர் பின்னாலிருந்து விலாசம் கேட்டது காதில் விழவில்லை.

கூடத்தில் நாற்காலிகள் சுவரோரம் போயிருந்தன. வீட்டு ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் வேறொரு ஒயரைச் செருகியிருந்தார்கள். ஒயர் போன வழியே அவள் பார்வை தரையில் ஊர்ந்து, நடுக்கூடத்தில் கண்ணாடி மூடி போட்ட பெட்டியின் காலடியில் வந்து நின்றது. அதற்கு மேலே ஏறவில்லை. பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் மூச்சுக்கு மூச்சு இடைவெளியே இல்லை.

அண்ணன் அவள் தோளைத் தொட்டான். "முகத்தைப் பாரும்மா. சிரிச்ச மாதிரிதான் இருக்காரு."

அவள் பெட்டியின் கால்பக்கம் போய்க் குனிந்தாள். மூடியின் விளிம்போடு விரலை நகர்த்திக்கொண்டே வந்தாள். மூலைக்கு வந்ததும் விரல் நின்றது. நூலளவு இடுக்கில் சில்லென்று காற்று கசிந்தது.

"இங்க ரப்பர் பிடிக்கலண்ணா," என்றாள். "பார்க்காமயே எடுத்துட்ட."

அவள் அந்த மூலையில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்தாள். ஆட்கள் வந்தார்கள், குனிந்து பார்த்தார்கள், போனார்கள். விரல்கள் மரத்துப்போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை.