கீழே படகு இல்லாத அறை

"கைப்பிடிக் கம்பி எவ்வளவு உசரம் இருக்கும்?" என்று என் மனைவி கேட்டாள்.

கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்கிற கடையில் உட்கார்ந்திருந்தோம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் கணினித் திரையைத் திருப்பி, கப்பலைக் குறுக்கே வெட்டியது போன்ற ஒரு படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஜன்னலே இல்லாத அறை ஒரு விலை, வட்ட ஜன்னல் வைத்தது ஒரு விலை, பால்கனி வைத்தது எல்லாவற்றுக்கும் மேலே. என் மனைவி சியோக் ஹூன் எடுத்த எடுப்பில் பால்கனியின் மேல் விரலை வைத்தாள். அப்போதே எனக்கு முதுகு குறுகுறுத்தது. இவள் கைதுடைக்கும் காகிதத்தை இரண்டாகப் பிரித்துப் பாதியை ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்துவைக்கிற பெண். சந்தை மூடும் நேரத்துக்குப் போய், அடிபட்ட பப்பாளியைத் தேடி வாங்குகிறவள். ஜன்னல் இல்லாத அறையை வாங்கிவிட்டு, "தூங்கும்போது கண்ண மூடத்தானே போறோம்?" என்று சொல்லியிருக்க வேண்டும்.

"நெஞ்சு வரைக்கும் வரும், ஆன்ட்டி. பயமே வேணாம். யாரும் விழவே முடியாது" என்றாள் கடைப்பெண்.

"முடியவே முடியாதா?"

என் மனைவியின் முகம் வாடியதை நான் பார்த்தேன். கடைப்பெண் பார்க்கவில்லை.

"நாற்காலி மேல ஏறி நின்னாத்தான் உண்டு."

"நாற்காலி போட்டிருப்பீங்கள்ல?"

"ரெண்டு நாற்காலி, ஒரு குட்டி மேசை."

"அப்பச் சரி."

அதே பால்கனி இன்னும் மலிவாகவும் கிடைக்கும் என்று அந்தப் பெண் வேறொரு வரிசையைக் காட்டினாள். அங்கே அறைக்கு நேர் கீழே உயிர்காக்கும் படகுகளைத் தொங்கவிட்டிருப்பார்களாம். பாதிக் கடல் மறைந்துவிடும், அதனால் விலை குறைவு. மற்ற நாளாக இருந்தால் ஹூன் எழுந்து நின்று அதை வாங்கியிருப்பாள். அன்றைக்கு யோசித்தாள். "மேலேருந்து ஒண்ணு விழுந்தா படகுல விழுமா, தண்ணில விழுமா?" என்றாள்.

"என்ன விழுந்தா, ஆன்ட்டி?"

"கனமா ஒண்ணு."

சொல்லிவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். மீன்காரன் தராசில் போடுவதற்கு முன் மீனைப் பார்ப்பானே, அந்தப் பார்வை. பிறகு, கீழே படகு இல்லாத அறையாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். பால்கனியில் கேமரா உண்டா என்றும் கேட்டுக்கொண்டாள். "உள்ளே பாக்காது ஆன்ட்டி, தனிமை முக்கியமில்லையா" என்று அந்தப் பெண் எங்களைப் புதுமணத் தம்பதி போல நினைத்துச் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். சந்தேகப்படுகிறோம் என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது.

நான் இந்த ஊரில் நாற்பது வருஷம் டாக்சி ஓட்டியவன். குவேக் என்று சொன்னால் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லோருக்கும் தெரியும். நான் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள் என்பதும் தெரியும். அது அவர்கள் குறை. ஒருமுறை சுவா சூ காங் பக்கம் ஒரு முதலையைப் பின் இருக்கையில் ஏற்றிப் போனேன். சீட் பெல்ட் போட மறுத்தது என்பதைத் தவிர அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சாங்கி விமான நிலையத்திலிருந்து ஏறுகிற பயணிகளுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் கதை எங்கள் வீட்டுச் சாமியைப் பற்றியது. துவா பெக் கோங். ஒரு முழம் உயரம், கற்பூர மரம், வெள்ளைத் தாடி, ஊதுபத்திப் புகையில் கறுத்த முகம். அப்பா ஆமோய்த் துறைமுகத்திலிருந்து வரும்போது கப்பல் கவிழ்ந்து, இவருடைய தாடியைப் பிடித்துக்கொண்டு மிதந்துதான் கரை சேர்ந்தார். பின்னால் என் பெரிய அண்ணன், சீட்டில் தோற்ற ஆத்திரத்தில் இவரைக் காலாங் ஆற்றில் வீசினான். மறுநாள் காலை கதவைத் திறந்தால் சொட்டச் சொட்ட வாசலில் நிற்கிறார். தாடியில் ஒரு இறால். உயிரோடு. பயணிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வீட்டுக்கு யாராவது வந்தாலும் சொல்வேன். ஹூன் மட்டும் சிரித்ததில்லை. தேநீர்க் கோப்பையைச் சாமி முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். நகைச்சுவை புரியாதவள் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் மகள் ஜோசலின் பொங்கோலில் புது வீடு வாங்கியிருந்தாள். கப்பலிலிருந்து திரும்பியதும் நாங்கள் இருவரும் அங்கே குடிபோவதாக ஏற்பாடு. ஹூனுக்கு முட்டி வலி, எனக்கு எல்லா வலியும். அறையைப் பார்க்கப் போனபோது, "பெக் கோங்கை வாசலைப் பாத்த மாதிரி அந்தச் சுவரோரம் வச்சிரலாம்" என்றேன். மகள் தேவாலயத்துக்குப் போகிறவள். தாயைப் பார்த்தாள். தாய் தரையைப் பார்த்தாள். "அவர் வரலேன்னா நானும் வரல" என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம்தான் ஹூன், "கப்பல்ல போலாமா, கெழவா?" என்றாள். மகள் வீட்டில் நாங்கள் பார்த்த அறையில் ஒரே ஒரு கட்டில்தான் போட்டிருந்தது, அதுவும் ஒற்றைக் கட்டில் என்பது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

கீழே காப்பிக்கடையில் ஜூனைடியிடம் விஷயத்தை வைத்தேன். அவன் இழுவைப் படகில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கடல் சம்பந்தமாக எதைக் கேட்டாலும் முதலில் மோசமானதைச் சொல்வான்.

"கம்பி உசரம் கேட்டாங்களா?"

"கேட்டா."

"கீழ தடுப்பு இல்லாத அறையா எடுத்தாங்களா?"

"எடுத்தா."

ஜூனைடி காப்பியைக் கீழே வைத்தான். "உன் கதையெல்லாம் தெனம் கேக்குறாங்கல்ல? எத்தன வருஷமா?"

"நாப்பத்தாறு."

"அப்ப நியாயம்தான்" என்றான். "நல்ல மனுசி. இவ்வளவு நாள் பொறுத்தாங்களே."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் அன்று சாயங்காலம் அடுப்படியில் சம்பல் இடிக்கிற கல் உரலைக் காணவில்லை. கருங்கல். இரண்டு கையாலும் தூக்க வேண்டும். பழைய செய்தித்தாளைக் கட்டுகிற இளஞ்சிவப்பு ராஃபியா கயிற்று உருண்டையும் அதன் இடத்தில் இல்லை. இரண்டும் துறைமுகத்தில்தான், அவள் பெட்டிக்குள், மறுபடி கண்ணில் பட்டன. சோதனை இயந்திரத்தில் ஹூனின் பெட்டி போனபோது காவலர் அதை நிறுத்தி, "ஆன்ட்டி, உள்ள கல்லு மாதிரி என்ன?" என்றார்.

"சம்பல் இடிக்க."

"கப்பல்ல எல்லாச் சாப்பாடும் கெடைக்குமே!"

"இவருக்குப் புடிக்காது" என்று என்னைக் காட்டினாள். காவலர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எனக்கு எல்லாச் சாப்பாடும் பிடிக்கும். அவள் தோளில் இன்னொரு பை இருந்தது. துண்டு சுற்றிய எதையோ குழந்தையைப் போல அணைத்துக்கொண்டிருந்தாள். நான் கல்லிலேயே கண்ணாக இருந்ததால் அதைக் கவனிக்கவில்லை.

கப்பல் கிளம்புமுன் எல்லோரையும் கூட்டி, உயிர்காக்கும் அங்கியைப் போட்டுக்கொள்வது எப்படி என்று காட்டினார்கள். என் வாழ்க்கையில் இவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. ஆரஞ்சு நிற அங்கி, மூன்று வார், ஒரு விசில், தோளில் சின்ன விளக்கு. "தண்ணி பட்டா வெளக்கு தானா மின்னும்" என்றான் காட்டிக்கொடுத்த இளைஞன். எவ்வளவு தண்ணீர் படவேண்டும் என்று கேட்டேன். "கொஞ்சம் பட்டாப் போதும், அங்கிள்" என்றான். பக்கத்தில் ஹூனும் என்னைப் போலவே கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

அறை நன்றாகத்தான் இருந்தது. பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தேன். நேர் கீழே கடல். நடுவில் ஒன்றுமில்லை. அலமாரியிலிருந்து அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"கிறுக்கு புடிச்சிருச்சா? பக்கத்து ரூம்காரன் பாக்குறான்."

"சாட்சி இருக்கட்டும்" என்றேன்.

இரவு சாப்பாட்டில் தன் தட்டிலிருந்த பெரிய இறாலை எடுத்து என் தட்டில் வைத்தாள். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் இறாலைக் கொடுத்ததே இல்லை. தின்றேன், ருசி தெரியவில்லை. அங்கியோடு படுத்தேன். அவள் விளக்கை அணைத்தாள். தூங்கவே மாட்டேன் என்று முடிவு செய்து, நன்றாகத் தூங்கிப்போனேன்.

விழித்தபோது விடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் அவள் இல்லை. பால்கனிக் கதவு திறந்திருந்தது, திரைச்சீலை உள்பக்கமாக உப்பி அடித்துக்கொண்டிருந்தது. நான் உயிரோடு இருந்ததால் முதலில் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. மெதுவாகப் போய்ப் பார்த்தேன். ஒரு நாற்காலியில் ஹூன். இன்னொரு நாற்காலியில், துண்டு விலகி, கடலைப் பார்த்தபடி பெக் கோங். நாங்கள் இல்லாத நாளில் தூசி படியக்கூடாது என்று, வீட்டில் சாமியைச் சிவப்புத் துணி போட்டு மூடி வைத்திருப்பதாக ஹூன் சொல்லியிருந்தாள். அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தது வெறும் சுவர். அவருடைய இடுப்பில் ராஃபியா நாலைந்து சுற்று சுற்றியிருந்தது. கயிற்றின் மறுமுனை தரையில் கிடந்த கல் உரலின் கழுத்தில் இருந்தது. முடிச்சு இன்னும் போடவில்லை. மேசையில் கப்பல்காரர்களின் கோப்பையில் தேநீர், அவர் முன்னால்.

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னத்தான் தள்ளப்போறேன்னு நெனச்சேன்" என்றேன்.

"உன்னயா? உன்னத் தூக்க எனக்கு முட்டி இருக்கா?" என்றாள். திரும்பவில்லை. "கோயில்ல கேட்டேன். வீட்ல வச்சுக்க முடியலன்னா கடல் வழியா வந்தவர கடல் வழியாவே அனுப்பிடுன்னாங்க."

"கல்லு எதுக்கு?"

"திரும்பி வந்துட்டா?" கேட்டுவிட்டு இப்போது என்னைப் பார்த்தாள். "நீதான சொன்ன. ஒங்கண்ணன் ஆத்துல போட்டாரு, மறுநா இவர் வாசல்ல நின்னாருன்னு. தாடியில எறாலோட. பொங்கோல்ல ஜோசலின் காலைல கதவத் தொறக்கறா, இவர் சொட்டச் சொட்ட நிக்கிறாருன்னா என்ன ஆவும்? பச்சப் புள்ளைங்க இருக்குற வீடு."

கப்பல் போய்க்கொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் பேர் என் டாக்சியில் ஏறியிருப்பார்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். ஒரே ஒருத்தி சிரிக்கவில்லை. சிரிக்காமல் அடுப்படிக்குப் போனவள் அதை அப்படியே நம்பிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா வரமாட்ட. அவர் வரலேன்னா நானும் வரலேன்னு நின்ன. எனக்குப் பொண்ணும் வேணும், நீயும் வேணும். ஒன்னக் கேக்காம அனுப்ப முடிஞ்சது இவர மட்டுந்தான்." பெக் கோங்கின் தாடியில் ஒட்டியிருந்த ஒரு நூலை எடுத்துக் காற்றில் விட்டாள். "அவர்கிட்ட மூணு மாசமா தெனம் காலைல இதச் சொல்லிட்டிருக்கேன். ஒண்ணும் சொல்லல."

"அவர் எப்ப பேசியிருக்காரு?"

"ஒன்கிட்ட பேசினதா சொன்னியே."

அதையும் சொல்லியிருக்கிறேன்.

அவள் கயிற்றின் முனையைக் கையில் எடுத்தாள். "இப்பச் சொல்லு, கெழவா. சிரிக்காம சொல்லு. அண்ணன் ஆத்துல போட்டது, இவர் திரும்பி வந்தது, நெசமா, புளுகா? நெசம்னா கட்டிடறேன். புளுகுன்னா கல்லு வேணாம், அவர் பாட்டுக்கு மெதந்து போவட்டும்."

அவள் என்னைச் சந்தேகப்படுவது அதுதான் முதல் முறை. பார்த்ததும் தெரிந்துவிட்டது, எனக்கு அந்தப் பார்வை பழக்கம். வேறு எல்லோரிடமும் பார்த்திருக்கிறேன். நெசம் என்றால் கல்லோடு போவார். புளுகு என்றால் தனியாகப் போவார், கூடவே நாற்பத்தாறு வருஷமும் போகும். முன்னும் பின்னும் வழி அடைபட்டால் டாக்சிக்காரன் என்ன செய்வான்? என்ஜினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பான்.

"எறா நெசம்" என்றேன்.

பிறகு, நேற்றிலிருந்து போட்டிருந்த என் அங்கியின் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். கழற்றி, பெக் கோங்கின் தலை வழியாக மாட்டினேன். அவருக்கு அது மிகப் பெரிதாக இருந்தது. ஆரஞ்சு நிறத்துக்கு மேலே கறுத்த முகமும் தாடியில் கொஞ்சமும்தான் தெரிந்தன. வாரைச் சுற்றிக் கட்டப் பார்த்தேன், கொக்கி மாட்டவில்லை.

ஹூன் பார்த்துக்கொண்டே இருந்தாள். கயிற்றின் முனை அவள் விரலிலேயே இருந்தது.

"அப்படியில்ல" என்றாள் கடைசியில். "அந்தப் பையன் காட்டினப்ப எங்க பாத்துட்டிருந்த? அடியில விட்டு எடுக்கணும்."

கயிற்றைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிற முட்டியை மெல்ல மடக்கி அவர் முன்னால் உட்கார்ந்தாள். வாரை அடியில் விட்டு எடுத்தாள். கொக்கி மாட்டுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் எழவில்லை. அவருடைய தோளில் முகத்தை வைத்தபடி, வாரை இறுக்குவது போலவே இருந்தாள். வார் அவ்வளவு நேரம் பிடிக்கிற வேலை இல்லை. நான் கடலைப் பார்த்தேன். மிச்சமிருந்த ராஃபியா உருண்டை காற்றில் தானாகப் பிரிந்து, பால்கனித் தரையில் கல்லைச் சுற்றி ஓடியது.

அவள் எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் விழும் சத்தம் வந்தது. மழை இல்லை, கடல் எவ்வளவோ கீழே கிடந்தது. பெக் கோங்கின் தோளில், அவள் முகம் வைத்திருந்த இடத்தில், அந்தச் சின்ன விளக்கு மின்னிக்கொண்டிருந்தது.