திருப்பிக் கட்டிய வில்

ஒன்பது வருஷமாக நான் அடுத்தவர் காலைப் பிடித்துப் பிழைத்தவள். விளையாட்டுச் சாமான் கடையில் ஷூ பிரிவு. ஈரச் சாக்ஸோடு வருகிறவர்கள், ஏழாம் நம்பர் காலை வைத்துக்கொண்டு ஆறாம் நம்பர்தான் என்று அடம்பிடிக்கிறவர்கள், எல்லாரையும் பார்த்தாயிற்று. எனக்குப் பொறுமை துளியும் கிடையாது. குனிந்தே உட்கார்ந்திருப்பதால் முகம் யாருக்கும் தெரியாமல் போனது, அவ்வளவுதான். கடையில் எனக்குப் பெயர் 'ஷூ அக்கா'.

மாடியில் வில் பிரிவு. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுப் போன மறுநாளே அந்த வேலையைக் கேட்டு முதலாளியின் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"சனிக்கிழமை காலைல அறிமுக வகுப்பு இருக்கு. நீயே எடு. மூணு பேராவது பயிற்சிக்குச் சேர்ந்தா பிரிவு உனக்கு. இல்லன்னா பழையபடி ஷூதான்" என்றார்.

"சந்தேகம் வந்தா உங்களைக் கேக்கலாமா சார்?"

"தாராளமா கேளு. நான் காலேஜ்ல சாம்பியன்மா. இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு."

இந்தச் சாம்பியன் கதையை ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன். கோப்பையைத்தான் இன்னும் கண்ணில் காட்டவில்லை.

வில் பிரிவுக்காரர் விட்டுப்போன கையேட்டை வீட்டுக்கு எடுத்துப் போய் மூன்று நாள் உருப்போட்டேன். ஒரு கையில் கரண்டியை நீட்டிப் பிடித்து, இன்னொரு கையைத் தாடை வரைக்கும் இழுத்து நான் நின்ற கோலத்தைப் பார்த்து, என் வீட்டுக்காரர் வந்து அடுப்பை அணைத்தார்.

சனிக்கிழமை நான் மாடி ஏறியபோது, முதலாளி ஒரு பெரிய வில்லைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, முகம் சிவக்க நாண் ஏற்றிக்கொண்டிருந்தார். முடித்ததும் அதைச் சுவரில் மாட்டிவிட்டு, இரண்டடி தள்ளி நின்று ரசித்தார். எனக்கு இருந்த பதற்றத்தில் அந்த வில்லைச் சரியாகக் கவனிக்கவில்லை.

ஆறு பேர் வந்திருந்தார்கள். முதலில் நீள்வில்லைத் தூக்கினேன்.

"இதுதான் இருக்கிறதுலயே எளிமையான வில். ஒரே வளைவு. ஏறக்குறைய நம்ம உயரம் இருக்கும். பஸ்ல கொண்டு போறதுதான் கஷ்டம்."

"எங்க பஸ்ல ஏத்த மாட்டோம்" என்றார் முன்வரிசையில் இருந்த பஸ் டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்தது ரிகர்வ். பழகுவதற்கென்று இருந்த சின்ன வில் ஒன்றைக் காட்டினேன். "நுனி ரெண்டையும் பாருங்க. நம்மள விட்டுத் திரும்பி, இலக்கைப் பாத்து வளைஞ்சிருக்கு. அதனாலதான் உருவம் சின்னதா இருந்தாலும் அம்பு வேகமா போகும்."

கடைசியாக, காம்பவுண்ட் என்கிற சக்கர வில்லை டிரைவர் கையில் கொடுத்தேன். பல்லைக் கடித்து இழுத்தவர் பாதி வழியில் விழித்தார். "என்னக்கா, திடீர்னு லேசாயிடுச்சு?"

"ரெண்டு முனையிலயும் சக்கரம் இருக்குல்ல, பாரத்தை அது வாங்கிக்குது. நிதானமா குறி பாக்கலாம். அப்படியே விட்டுடாதீங்க, மெதுவா பழைய இடத்துக்குக் கொண்டு வாங்க. அம்பு இல்லாம நாணை விட்டா அந்த வேகம் வில்லு மேலயே திரும்பும். வில்லு உடைஞ்சிடும்."

எனக்கே என்மேல் மதிப்பு கூடிக்கொண்டிருந்த நேரத்தில், பின்னால் நின்ற முதலாளிக்குக் கை துறுதுறுத்தது. தான் சுவரில் மாட்டிய பெரிய ரிகர்வை எடுத்து வந்து, வகுப்புக்கு வந்திருந்த பல் டாக்டரம்மாவிடம் நீட்டினார்.

"பெரிசை இழுத்துப் பாருங்க டாக்டர். அப்பதான் சுகம் தெரியும்."

டாக்டரம்மா வில்லைத் தூக்கினார். நுனி இரண்டும் அவர் மூக்கைப் பார்த்து வளைந்திருந்தன. நாண் இல்லாதபோது அந்த வில் எந்தப் பக்கம் வளைந்திருக்குமோ, அதே பக்கமாக இன்னும் வளைத்துக் கட்டியிருந்தார் மனிதர். பார்க்க என்னவோ படத்தில் வரைந்த வில் போலத்தான் இருந்தது. இழுத்தால் முறிந்து முகத்தில் அடிக்கும்.

"இழுக்காதீங்க. கீழ வைங்க" என்றேன்.

"ஏம்மா?" என்றார் முதலாளி.

"நாண் தலைகீழா ஏறியிருக்கு சார். இது எதிர்ப்பக்கமா வளைச்சுக் கட்ட வேண்டிய வில்லு."

ஆறு பேரும் சின்ன வில்லைப் பார்த்தார்கள், பெரிய வில்லைப் பார்த்தார்கள். முதலாளியின் காது சிவந்தது.

"யாரு இப்படிக் கட்டினது?" என்று அதட்டினார். அதட்டியது என்னைப் பார்த்து.

நான்தான் என்று சொல்லியிருந்தால் மாடி எனக்கு மிஞ்சியிருக்கும். அந்த நினைப்பு வராமல் இல்லை. அதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"நீங்கதான் சார். காலைல, என் கண்ணு முன்னாடி."

அவர் படியிறங்கிப் போனார். நான் மீதி வகுப்பை எப்படி முடித்தேன் என்று எனக்கே தெரியாது. கடைசியில் டிரைவர் பயிற்சிக்கான படிவத்தை வாங்கி நிரப்பினார். "எங்க டிப்போல மேலதிகாரி முன்னாடி இப்படி ஒருத்தர் வாயத் திறந்து நான் பாத்ததில்ல" என்றார். டாக்டரம்மா மூக்கைத் தடவிக்கொண்டே இரண்டாவது படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மற்ற நாலு பேரும் யோசித்துச் சொல்கிறோம் என்று நழுவினார்கள்.

இரண்டு. மூன்று இல்லை. வாயை அடக்கியிருக்கலாமே என்று என்னையே திட்டிக்கொண்டு, கீழே போய் என் முக்காலியில் உட்கார்ந்தேன். ஏழாம் நம்பர் கால் ஒன்று ஆறாம் நம்பர் ஷூ கேட்டது. கொடுத்தேன்.

மத்தியானம் படிவங்களை எடுத்து வைக்க மாடிக்குப் போனேன். பெரிய வில் நாண் கழற்றப்பட்டு மேஜைமேல் கிடந்தது. அதன் பக்கத்தில் மூன்று படிவங்கள் இருந்தன. மூன்றாவதில் இருந்த கோணல் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்பது வருஷமாக என் லீவு லெட்டரில் எல்லாம் அதுதான் இருக்கிறது. 'முன் அனுபவம்' என்ற இடத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல், 'இல்லை' என்று எழுதியிருந்தார்.