ஷமாவின் பை

பத்தூலுக்கு ஷமாவைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். சொத்துத் தகராறு இல்லை, வாய்ச்சண்டை இல்லை. எல்லாம் அவளுடைய பையால் வந்த வினை.

மலையடிவார ஊரான செஃப்ரூவில் ஒரே வீடு. கீழே பத்தூல், மாடியில் கொழுந்தன் மனைவி ஷமா. இருபது வருஷமாக ஓரகத்திகள். கல்யாணமோ சாவோ, எங்கே கிளம்பினாலும் ஷமா ஒரே ஒரு சின்னப் பையோடு படியிறங்கி வருவாள். நாலு ரொட்டி வைத்தால் நிறைந்துவிடும், அவ்வளவுதான் பை. பத்தூலுக்கோ மூன்று மூட்டை இல்லாமல் வாசல் தாண்ட வராது. போன வருஷம் வெந்நீர் ஊற்றில் குளிக்கப் போனபோது தலையணை, போர்வை, குடை, வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று மண்சட்டி வேறு. பெற்ற மகன் மர்வானே டாக்ஸிக்காரன் முன்னால் சிரித்தான்.

"ஏம்மா, கதவையும் கழட்டிட்டு வந்திருக்கலாமே. ஷமா சித்தியைப் பாரு, காத்து மாதிரி வர்றாங்க."

காற்றாம் காற்று. அன்று ஊற்றில் ஷமாவுக்குத் துடைக்கத் துண்டு கொடுத்தது யார்? பத்தூலின் மூட்டைதான். அதை ஒருத்தராவது சொன்னார்களா? ஊரெல்லாம் ஷமா, ஷமா, ஷமா. கேட்டுக் கேட்டுப் பத்தூலுக்கு வயிறு எரிந்தது.

இப்போது மர்வானுக்கே பெண் கேட்கப் போக வேண்டியிருந்தது. மலைக்கு அப்பால் மிடெல்ட் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் அவன் வாத்தியார். அந்த ஊர்ப் பெண் இக்ராமைத் தவிர வேறு யாரையும் கட்ட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். முதல் பேச்சு பெண்கள் போய்ப் பேசுவது. அது நல்லபடி முடிந்தால் அடுத்த வாரம் ஆண்கள் போவார்கள். தகப்பன் இல்லாத பையன், தாய்தான் கேட்க வேண்டும். கூட ஷமா. அழைத்துப் போக லீவு போட்டு மர்வானே வந்திருந்தான்.

"அம்மா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. சர்க்கரைக் கூம்பு. இக்ராமோட அம்மா லல்லா மைமூனா அதுல ரொம்பக் கண்டிப்பு. போன வருஷம் ஒரு இடத்துக்காரங்க சர்க்கரை இல்லாம கேக் பெட்டியோட வந்தாங்களாம். டீயைக் குடுத்து, போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டாங்க."

"எனக்கே சொல்லித் தர்றியாடா? சர்க்கரை இல்லாம பொண்ணு கேட்கிற குடும்பமா நம்ம குடும்பம்?" என்றாள் பத்தூல். அன்று மாலையே நீலக் காகிதம் சுற்றிய நான்கு கூம்புகளை வாங்கி வந்து சமையலறை அலமாரியில் வைத்தாள். ஒவ்வொன்றும் கூம்பு வடிவில் இறுகிய இரண்டு கிலோ சர்க்கரைக் கட்டி.

அதோடு விட்டிருந்தால் கதையே இல்லை. டாக்ஸிக்காரன் ஆளுக்கு ஒரு பைதான் என்று சொல்லி அனுப்பியிருந்தான். பத்தூல் அதைச் சவாலாக எடுத்துக்கொண்டாள். சம்பந்தி வீட்டு வாசலில் காற்று மாதிரி இறங்கப் போவது யார் என்று இந்தத் தடவை பார்த்துவிடுவது. தலையணை வேண்டாம். போர்வை வேண்டாம். இரண்டாவது செருப்பு எதற்கு? புருஷன் ஆலிவ் நிறுக்க வைத்திருந்த தொங்கு தராசை எடுத்து, ஷமாவுடையதைப் போலவே ஆனால் சற்றே பெரிதாக வாங்கியிருந்த பையை மாட்டினாள். உள்ளே ஒரு பச்சைக் கஃப்தான் அங்கி, இரவு உடுப்பு, நான்கு கூம்புகள். பத்து கிலோவைத் தொட்டது. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அவள் மூச்சு வாங்க, பக்கத்தில் ஷமா ஒரு விரலில் பையை மாட்டிக்கொண்டு வருவாளே. நினைக்கவே பொறுக்கவில்லை.

சர்க்கரை மிடெல்ட்டில் கிடைக்காதா என்ன? டாக்ஸி நிற்கிற இடத்தில் வரிசையாகக் கடை. இறங்கினதும் வாங்கிக்கொண்டால் போயிற்று. நான்கு கூம்புகளையும் எடுத்து மறுபடி அலமாரியில் வைத்துவிட்டு நிறுத்தாள். இரண்டே கிலோ. அன்றைக்கு வந்த மாதிரி தூக்கம் அவளுக்கு வருஷக்கணக்கில் வந்ததில்லை.

காலையில் அவள் தெருவில் போய் நின்றாள். ஷமா கீழ்வீட்டுச் சமையலறையில் எரிவாயுவை மூடிவிட்டு வருவதாகச் சொன்னாள். மூட இவ்வளவு நேரமா என்று பத்தூல் முணுமுணுக்கும் அளவுக்குத் தாமதமாகத்தான் வந்தாள். வந்தவளைப் பார்த்துப் பத்தூலுக்குக் கண் விரிந்தது. அதே சின்னப் பைதான். ஆனால் ஷமா ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். டாக்ஸிக்காரன் பையை வாங்கிப் பின்னால் வைக்கும்போது கை இறங்கியது.

"என்ன லல்லா, கல்லு ஏத்திட்டு வர்றீங்களா?" பெரிய பெண்களை அங்கே மரியாதையாக லல்லா என்றுதான் அழைப்பார்கள்.

"வயசாச்சுப்பா, எதையும் விட்டுட்டு வர மனசில்லை" என்றாள் ஷமா.

பத்தூல் தன் பையை இரண்டு விரலில் தூக்கிக் காட்டினாள். வழியெல்லாம், மலை ஏறி இறங்குகிற நான்கு மணி நேரமும், அவள் வாய் ஓயவில்லை.

"ஏன் ஷமா, பொண்ணு பாக்குற இடத்துல நம்ம சிங்காரம் யாருக்கு வேணும்? நான் ஒரே ஒரு கஃப்தான்தான் எடுத்தேன். மனுஷிக்கு அது போதாதா?"

"போதும்க்கா."

"சில பேருக்குக் கடைசி காலத்துலதான் ஆசை வருது."

ஷமா ஜன்னல் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். மர்வான் கூட, "பரவாயில்லையே அம்மா, திருந்திட்டே" என்றான். பத்தூலுக்கு உச்சி குளிர்ந்தது.

மிடெல்ட்டில் டாக்ஸி நின்றது. கடைகள் வரிசையாகத் திறந்திருந்தன. ஒரு கடை வாசலில் நீலக் கூம்புகளை அடுக்கியே வைத்திருந்தார்கள். பத்தூல் ஒரு காலை எடுத்து வைப்பதற்குள் பெண்ணின் தாய்மாமன் வேனோடு எதிரே வந்து நின்றார்.

"வாங்க வாங்க, ஒரு மணி நேரமா நிக்கிறேன். ஏறுங்க, சாப்பாடு ஆறிடும்."

பெண் வீட்டு ஆள் முன்னால் போய் சர்க்கரை வாங்குவதா? வழியில் ஞாபகம் வந்து வாங்கினாள் என்று ஊர் சிரிக்காதா? அதற்கு வெறுங்கையோடு போவதே மேல். வேன் ஆப்பிள் தோட்டங்களுக்குள் திரும்பியது. அந்தக் கிராமத்தில் பெட்டிக்கடை கூட இல்லை. முன் சீட்டில் மர்வான் மாமனோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தான். பிள்ளையின் ஆசையை நானே பாழாக்கிவிட்டேனே, எட்டுக் கிலோவுக்காக, இவளை ஜெயிப்பதற்காக என்று அவள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் இறங்கியதும் ஷமா அவள் முழங்கையைத் தொட்டாள். ஆண்கள் முன்னால் போய்விட்டார்கள்.

"அக்கா, பையை மாத்திக்கலாம்."

"என்னத்துக்கு?"

"சர்க்கரையை அலமாரியில மறந்து வச்சுட்டு வந்துட்டீங்க. கடைசி நேரத்துல கண்ணுல பட்டுச்சு. என் துணியை வெளியே எடுத்துப் போட்டுட்டு அதை வச்சுக்கிட்டேன். மர்வான் முன்னாடி சொல்ல வேணாம்னுதான் வாயைத் திறக்கல."

பத்தூல் பையை வாங்கினாள். பையின் துணியைத் தாண்டி ஒரு கூம்பின் முனை கையில் குத்தியது. மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நன்றி சொல்லவும் வரவில்லை. வழியெல்லாம் தான் பேசிய பேச்சு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அத்தனையையும் இவள் தன் பையில் என் சர்க்கரையை வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

லல்லா மைமூனா நெடுநெடுவென்று இருந்தாள். சிரிக்காத முகம். பையைத் தானே வாங்கித் தம்ளர்த் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு கூம்புகள். அப்புறம் ஒரு சீப்பு. பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லை.

"ரெண்டு நாள் தங்க வந்திருக்கீங்க. உங்களுக்குன்னு ஒரு துணி கூட எடுத்துக்கலையா லல்லா?"

பத்தூலின் கஃப்தான் ஷமாவின் மடியில் இருந்த பையில் பத்திரமாக இருந்தது.

"இக்ராம், இங்க வா. உன் மாமியாரைப் பாரு" என்றாள் லல்லா மைமூனா. மாமியார் என்றே சொல்லிவிட்டாள். "எத்தனையோ பேர் வந்தாங்க. பெட்டி பெட்டியாத் தங்களுக்குத்தான் கொண்டாந்தாங்க. இந்த அம்மா தனக்கானதை எல்லாம் வீட்டுல விட்டுட்டு, நமக்கானதை மட்டும் சுமந்துட்டு வந்திருக்கு."

பித்தளைச் சுத்தியால் ஒரு கூம்பைத் தட்டி உடைத்து டீக் கெண்டியில் போட்டாள். அந்த வீட்டில் சர்க்கரையை உடைத்தால் சம்மதம் என்று அர்த்தம். மர்வானின் முகம் பூரித்துப் போயிற்று.

பத்தூல் இருபது வருஷமாக ஏங்கிய வார்த்தைகள் இவை. கூடம் நிறைந்த ஆட்கள் முன்னால், மகன் காது கேட்க, ஒன்றுவிடாமல் அவளுக்கே கிடைத்தன. ஒன்றைக் கூட அவளால் விழுங்க முடியவில்லை. பை என்னுடையது இல்லை என்று இப்போது சொன்னால் உடைத்த சர்க்கரை என்ன ஆகும், பிள்ளையின் கல்யாணம் என்ன ஆகும்? அவள் தலை குனிந்தாள். அதையும் அடக்கம் என்று மெச்சினார்கள்.

"பாத்தீங்களா சித்தி" என்றான் மர்வான், ஷமாவின் பக்கம் திரும்பி. "இந்தத் தடவை எங்க அம்மா உங்களை ஜெயிச்சுட்டாங்க."

ஷமா புழுதி படிந்த பயண அங்கியோடு, பத்தூலின் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். டீத் தம்ளரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஆமாடா, நான் தோத்துட்டேன்."

அந்தச் சிரிப்பில் வலி இருக்கிறதா என்று பத்தூல் துருவித் துருவிப் பார்த்தாள். துளிக்கூட இல்லை. தோற்பதுகூட இவளுக்கு இவ்வளவு லேசாக வருகிறதே என்று அவள் வயிறு முன் எப்போதையும்விட அதிகமாக எரிந்தது.