பிரிக்காத பொட்டலங்கள்

தொட்டிக்காரர் முதலாளிக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து நானூற்று அறுபது. எல்லாம் ஒரு சுண்டுவிரலுக்காக வாங்கிய கடன். கொட்டகை வலைக்கம்பி கிழித்த விரல் ஆறாமல் வீங்கி, மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டது.

"புண்ணுல இருக்கிற கிருமி வழக்கமான எந்த மருந்துக்கும் மசியல. என்ன வேலை பாக்குறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

கோழிப்பண்ணைத் தொட்டித் தண்ணீரில் தினமும் மருந்து கலக்கும் வேலை என்றார் தொட்டிக்காரர்.

"அப்ப மருந்தத் தாக்குப்பிடிக்கக் கிருமிக்கு அங்கயே பாடம் நடத்தி அனுப்பியிருக்கீங்க" என்று விலை கூடின ஊசியை எழுதினார் அந்த அம்மா.

முதலாளிக்குக் கோழி தும்மினாலும் மருந்து, தும்மாவிட்டாலும் மருந்து. வாசலில் மட்டும் 'மருந்தில்லாக் கோழி' என்று ஆள் உயரப் பலகை.

"போர்டு, வாங்குறவனுக்கு; மருந்துப் பொட்டலம், கோழிக்கு. வழக்கத்துக்கு மேல ஒரு குஞ்சு செத்தாலும் உன் கடன்லதான் ஏத்துவேன்" என்பார்.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். முதலாளி மிதித்தால் கூலிக்காரன் பிழைப்பானா என்பதற்குப் பழமொழி இல்லை.

கட்டுப்போட்ட விரலோடு ஏணி ஏறிய தொட்டிக்காரர் அன்றைய பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. குஞ்சு செத்தால் கடன் ஏறுமே என்ற பயத்திலேயே ஈர உமியை வாரிக் கொட்டிக் காய்ந்ததைப் பரப்பினார், குழாய்களைக் கழுவினார், படுதாவைத் தூக்கிக் காற்றை விட்டார். நாற்பது நாள் இதே பாடு. முதலாளி ஏணி ஏறிப் பார்க்கிற ஆளில்லை. சாவும் வழக்கத்தைத் தாண்டவில்லை.

கோழி வாங்கும் கம்பெனி திடீரென்று கறியைப் பரிசோதனைக்கு அனுப்பியது. முதலாளிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. காகிதம் வந்தது: மருந்தின் சுவடே இல்லை.

சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் மேசையைத் தட்டினார். "எவன்டா என் மருந்தத் திருடினது?"

தொட்டிக்காரர் தீவன மூட்டைக்குப் பின்னாலிருந்து நாற்பது பொட்டலங்களைக் கொண்டுவந்து வைத்தார்.

"நோய் வந்திருந்தா என்னய்யா செஞ்சிருப்ப?"

"மாட்டு டாக்டரக் கூப்பிட்டிருக்கலாங்க. வராத நோய்க்கு எதுக்கு தெனமும் விருந்து?"

"உன்ன வேலைய விட்டே தூக்கணும்."

"தூக்குங்க முதலாளி. கம்பெனிக்காரங்க கேட்டா, போர்டு எப்பலேருந்து நெசமாச்சுன்னு சொல்லிட்டுப் போறேன். இல்ல, இத கடையில திருப்பிக் குடுத்து என் கடன்ல கழிச்சுக்கங்க."

கடைக்காரர் பொட்டலத்துக்கு நானூற்று அறுபது கொடுத்தார். முதலாளி பரிசோதனைக் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைக்கு மேல் மாட்டினார். பிறகு, மிச்ச அறுபதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, தொட்டிக்காரரின் கடன்மேல் கோடு கிழித்தார்.